தலைமாட்டு விளக்கு பச்சையாக எரிந்த நாள்

கஜபதியின் இடது கையில் மூன்று விரல்களுக்கு உயிர் கிடையாது. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல். பார்த்தால் மற்ற விரல்களைப் போலத்தான் இருக்கும். மடங்கும், நீளும், ஸ்பேனரைப் பிடிக்கும். தொட்டது சூடா, குளிரா, ஈரமா என்று மட்டும் சொல்லாது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

1984ஆம் ஆண்டு வெயில் காலத்தில் நடந்தது அது. ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏற்றப் போயிருந்தார். சிலிண்டரில் மாட்டியிருந்த குழாய் பிடுங்கிக்கொண்டது. உள்ளிருந்த திரவம் அவர் கைமேல் பீய்ச்சியடித்தது.

மெக்கானிக்குகள் அதைப் 'பன்னெண்டு' என்பார்கள். பன்னிரண்டாம் நம்பர் கேஸ். ஒரு கரி அணுவோடு இரண்டு குளோரினும் இரண்டு ஃபுளோரினும் ஒட்டிக்கொண்டது. வாசனை இல்லை, தீப்பிடிக்காது, முகர்ந்தாலும் மூச்சடைக்கும் அளவுக்கு இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாது. சிலிண்டரின் அழுத்தத்தில் தண்ணீரைப் போலக் கிடக்கும். வெளியே வந்துவிட்டால், மைனஸ் முப்பது டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். கொதிக்க வேண்டிய வெப்பத்தை எங்கிருந்து எடுக்கும்? பக்கத்தில் எது இருக்கிறதோ அதனிடமிருந்து. ஃப்ரிட்ஜுக்குள் கத்தரிக்காயிடமிருந்தும் பால் பாக்கெட்டிடமிருந்தும் எடுக்கிறது. அன்று கஜபதியின் மூன்று விரல்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. தோல் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவி புஷ்பா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யோவ், ஊருக்கெல்லாம் ஐஸ் போட்டுக் குட்த்தது பத்தலன்னு கைய வேற ஐஸ் ஆக்கிகினு வந்துகீறியா?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

அதன்பின் தினமும் சாயங்காலம் தேங்காயெண்ணெயைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக அந்த விரல்களில் தேய்ப்பாள். "தெரிதா?" என்பாள். "தெரில" என்பார். ஒரு மாதம் கழித்து ஒருநாள், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "லேசாத் தெரிது" என்று பொய் சொன்னார். புஷ்பா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். மறுநாளிலிருந்து தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது.

வேப்பம்பட்டில் பிறந்து, தொழிற்பயிற்சி முடித்து, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க் கடை போட்டவர் கஜபதி. கூட்டாளி தஸ்தகீர். பூந்தமல்லிக்காரர், மொபெட்டில் தினமும் வந்து போவார். புஷ்பாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அதனால் கஜபதி அவருக்கு மச்சான்.

ஒருமுறை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மெக்கானிக்குகளைக் கூட்டி வைத்து ஓர் அதிகாரி பேசினார். இந்த கேஸ் வானத்துக்குப் போய் அங்கே சூரிய ஒளியில் உடைகிறது, அதிலிருந்து பிரியும் குளோரின் நமக்குக் குடை பிடிக்கும் ஓசோனைத் தின்கிறது, இன்னும் சில வருஷங்களில் இதை நிறுத்தப் போகிறோம் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த தஸ்தகீர், "தங்கச்சி, ஒம் புருசனும் நானும் சேந்து வானத்துல ஓட்ட போட்டுட்டோமாம்" என்றார்.

"ஊட்டுக் கூரையில கீற ஓட்டைய அடைக்க நேரமில்ல, வானத்துக்குப் போய்ட்டீங்களா அண்ணாத்தே?" என்றாள் புஷ்பா.

வாய்த்துடுக்கு அவளுக்கு. அந்த வாய்தான் மகளையும் பிரித்தது.

ஒரே மகள் நாகவல்லி. ஆவடி குடியிருப்பில் இருந்த குணசேகரன் என்ற பையனைக் காதலித்தாள். வேறு சாதி. புஷ்பா ஒப்பவில்லை. 1991இல் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றார்கள். புஷ்பா கதவின் இரண்டு பக்கமும் கையை வைத்து மறித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னாள்: "நா செத்தாக்கூட எம் மூஞ்சியப் பாக்க வராத!"

குணசேகரனுக்கு வேலை வடக்கே ஜபல்பூரில் கிடைத்தது. நாகவல்லியும் போய்விட்டாள். மூன்று வருஷம் ஒரு கடிதம்கூட அந்த வீட்டுக்குள் நுழையவில்லை. கடைக்கு வந்த கடிதங்களை கஜபதி டூல் பெட்டியில் வைத்திருந்தார்.

அந்த வருஷங்களில்தான் அவர் ஐஸ் பெட்டி செய்தார். அதற்கு முன்பெல்லாம் வெளியூரிலிருந்து பிள்ளைகள் வரவேண்டுமானால், பிணத்தை ஐஸ் பாரின் மேல் வைத்து மரத்தூளைக் கொட்டுவார்கள். ஐஸ் உருகி, தண்ணீர் வாசல்வரை ஓடும். கஜபதி ஒரு பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரை எடுத்தார். ஆறரை அடித் தகரப் பெட்டியில் தெர்மோகோல் வைத்து, அடித்தட்டில் செம்புக் குழாயைச் சுற்றி, மேலே கண்ணாடி மூடி போட்டார். கால்மாட்டில் கம்ப்ரஸர். பக்கத்தில் உஷ்ணம் காட்டும் ஒரு சின்ன முள். நான்கு டிகிரியில் நின்றால் முகம் அப்படியே இருக்கும். மூன்று வருஷத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அந்தப் பெட்டி போயிற்று. எல்லா வீட்டிலும் எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுவார்கள். கஜபதி முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

1994 ஜூலையில் புஷ்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து பார்த்து, பத்தியம் இருந்து, முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை மாலை, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"யோவ்... ஜபல்பூர்லேருந்து வர்றதுக்கு எத்தினி நாளு ஆவும்?"

கஜபதி கட்டிலோரம் குனிந்தார். "ரெண்டு நாளு ஆவும். இட்டார்சில வண்டி மாறணும். வரச் சொல்லட்டா?"

அவள் பதில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும்போது புஷ்பா இல்லை.

கஜபதி அழவில்லை. அழவேண்டும் என்று நினைத்தார். நினைப்பு மட்டும் இருந்தது, அழுகை வரவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஜபல்பூருக்குப் பேசினார். "அம்மா பூட்டாம்மா. கெளம்பி வா" என்றார். வியாழன் காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுவாள் என்று கணக்கு. உடலை ஆஸ்பத்திரியிலிருந்து மேனாம்பேட்டில் இருந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனார். தஸ்தகீரும் அவரும் சேர்ந்து ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

புஷ்பாவின் அக்கா வேம்புலியம்மாள் நடுவீட்டில் எழுந்து நின்றாள். "இன்னாய்யா இது? ரெண்டு நாளு பொணத்த வெச்சிக்கினு கெடக்கப் போறியா? அவளே வாயால சொன்னாய்யா, எம் மூஞ்சியப் பாக்க வராதன்னு. செத்தவ சொல்ல மீறாத!"

"கடைசியா எத்தினி நாளு ஆவும்னு கேட்டாக்கா" என்றார் கஜபதி.

"கேட்டா? வரச் சொன்னாளா?"

"இல்ல."

"அப்புறம்?"

கஜபதி பெட்டியின் மூடியைத் திறந்தார். புஷ்பாவைத் தூக்கிப் பெட்டியில் வைத்து, மூடியைப் போட்டு, ஸ்விட்சைத் தட்டினார். உர்ரென்று கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. பகல் பன்னிரண்டு மணி. நாற்பத்தைந்து மணி நேரம் அது நிற்காமல் ஓடவேண்டும். உலகத்தில் அவருக்கு அப்போது இருந்த கவலை அது ஒன்றுதான்.

தலைமாட்டில் பித்தளை விளக்கு ஏற்றினார்கள். பிணத்தை எடுக்கும்வரை அது அணையக்கூடாது. அதற்காக மின்விசிறியை நிறுத்தினார்கள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். திரியைத் தூண்ட ஒரு குச்சி கேட்டாள் வேம்புலியம்மாள். கஜபதி டூல் பையிலிருந்து ஒரு செம்புக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். அவள் தூண்டிவிட்டு, கம்பியை விளக்கின் விளிம்பிலேயே, நுனி சுடரில் படும்படி வைத்துவிட்டாள்.

புதன்கிழமை பகல்வரை முள் நான்கில் நின்றது. கஜபதி கால்மாட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருப் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள்.

"பொண்டாட்டி செத்துக் கெடக்கறா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி கீதா பாரேன்" என்றாள் ஒருத்தி.

"மெஷினுக்குப் பொறந்தவன்டி அவன்" என்றாள் வேம்புலியம்மாள், அவர் காதில் விழும்படி.

காதில் விழுந்தது. வலிக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் முள் ஐந்துக்கு வந்தது. பிறகு ஆறு. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரண்டும் சரியாக இருந்தது. ஆறரை.

அந்த நேரத்தில்தான் வீட்டில் அழுகை பெருகியது. காலையிலிருந்து அழுது ஓய்ந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள். சும்மா எட்டிப்பார்க்க வந்தவர்களுக்குக்கூடக் கண்ணீர் கொட்டியது. தொண்டை கட்டி, ஒப்பாரி இருமலில் முடிந்தது. "புஷ்பா எப்பேர்ப்பட்ட மனுசி! பாரு, யாருக்குமே தாங்கல" என்று பேசிக்கொண்டார்கள்.

கஜபதியின் கண்ணிலும் நீர் வந்தது. கன்னத்தில் வழிந்தது.

வேம்புலியம்மாள் பார்த்துவிட்டாள். ஓடிவந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஓவென்று கதறினாள். "அழுய்யா, நல்லா அழு! இப்பத்தான் கல்லு கரையுது. எந் தங்கச்சி பாக்கறாய்யா, பாக்கறா!"

அவள் தோளில் முகம் இருக்க, கஜபதி காத்திருந்தார். அழுகிறோமா? கண்ணீர் வருகிறதே. நெஞ்சுக்குள் ஏதாவது உடைகிறதா என்று உன்னிப்பாகக் கவனித்தார். ஒன்றும் உடையவில்லை. கண் மட்டும் எரிந்தது. மூக்கில் காரமாக, அமில நெடி ஒன்று ஏறியது. அந்த நெடி அவருக்குப் பழக்கமானது. எங்கே பழக்கம்?

அப்போது தலைமாட்டிலிருந்து ஒரு பெண் அலறினாள். "ஐயோ, வெளக்கப் பாருங்கடி! பச்சையா எரியுது!"

எல்லோரும் திரும்பினார்கள். மஞ்சள் சுடரின் விளிம்பு, மாவிலை நிறத்தில் பச்சையாக நடுங்கியது.

"ஆத்தா எறங்கிட்டா!" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா இல்லடி, புஷ்பா!" வேம்புலியம்மாள் விளக்கின் எதிரே விழுந்தாள். "புஷ்பா வந்துகீறா. அவளுக்கு இஷ்டமில்ல. மவ மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு சொல்றா. எடுத்துடுங்கய்யா, இப்பவே எடுத்துடுங்க!"

பெண்கள் விளக்கைச் சுற்றி நெருங்கினார்கள். கை கூப்பி, முகத்தைச் சுடருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இருமிக்கொண்டே கும்பிட்டார்கள். ஒருத்தி இன்னும் எண்ணெய் ஊற்றினாள். வாசலில் நின்ற ஆண்கள் பாடை கட்ட மூங்கிலைத் தேடினார்கள்.

கஜபதி எழுந்து வந்தார். கூட்டத்தை விலக்கினார். குனிந்து, ஒரே ஊதலில் விளக்கை அணைத்தார்.

வேம்புலியம்மாளின் கை அவர் கன்னத்தில் இறங்கியது.

"பாவி! தலமாட்டு வெளக்க அணைச்சிட்டியே!"

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் கஜபதி. குரல் உயரவில்லை. "தஸ்தகீரு, ஜன்னலத் தொற. டேபிள் ஃபேன எட்த்துத் தரையில வையி, வாசலப் பாக்க. லீக்கு."

தஸ்தகீர் ஓடினார். ஜன்னல்கள் திறந்தன. குழந்தைகளை முதலில் தூக்கினார்கள். பெண்களை வாசலில் போட்டிருந்த பந்தலுக்குக் கொண்டுபோனார்கள். இருமி இருமிச் சோர்ந்த ஒருத்திக்குத் தண்ணீர் தெளித்தார்கள்.

பந்தலில் கூட்டம் கொதித்தது. கஜபதி டூல் பையோடு வந்து எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தார். லீக் கண்டுபிடிக்கும் டார்ச்சைப் பற்றவைத்தார். கையடக்கமான விளக்கு, சுடருக்குள் ஒரு செம்புத் தகடு, பக்கத்தில் காற்று இழுக்கும் ஒரு ரப்பர் குழாய். சுடர் நீலமாக நின்றது. பையில் கிடந்த, அரைகுறையாகக் காலியாகியிருந்த கேஸ் டின்னை லேசாகத் திறந்து குழாயின் வாயில் காட்டினார். சுடர் பச்சையாயிற்று. டின்னை மூடினார். நீலம். திறந்தார். பச்சை.

"இதாங்கா" என்றார். "இந்த கேஸுக்கு வாசன கெடையாது. காத்தவிட நாலு மடங்கு கனம். ஒழுகிச்சின்னா தண்ணி மாதிரி தரையில பரவும். கால்மாட்டுல ஒழுகினது தலமாட்டு வெளக்குக்குப் போயிருக்கு. நெருப்புல பட்டா ஒடைஞ்சி வெஷமாயிடும். கண்ணு எரியும், தொண்ட எரியும். செம்பு காஞ்சிகினு இருந்தா சுடரு பச்சையாவும். நா குட்த்த கம்பிதான் அது."

வேம்புலியம்மாள் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எங்கோ போய்விட்டது. சின்னப் பெண்ணைப் போலக் கேட்டாள்:

"அப்ப... புஷ்பா வரலியா?"

"வரலக்கா."

"நீ அழுதது?"

"அதுவும் கேஸுதாங்கா."

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பந்தல் காலில் சாய்ந்தாள். மூங்கில் தேடியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

கஜபதி உள்ளே ஓடினார். முள் ஒன்பதில் இருந்தது. கண்ணாடிக்குள்ளே புஷ்பாவின் முகத்தில் ஈரம் துளிர்க்கத் தொடங்கியிருந்தது. பதினைந்து, இருபது என்று போய்விட்டால், நாளைக் காலையில் நாகவல்லி பார்க்கும் முகம் அவள் அம்மாவின் முகமாக இருக்காது.

பெட்டிக்கு அடியில் படுத்து, குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். கம்ப்ரஸருக்குப் பின்னால், சுவரோரம் இருந்த நட்டில் நுரை குமிழிட்டது. பெரிய பெரிய குமிழிகள்.

அந்த நட்டு அவருக்கு ஞாபகம் இருந்தது. புஷ்பாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அவசரமாக மாட்டியது. அந்த இடுக்கில் வலது கை நுழையாது. இடது கையை நுழைத்து, நடுவிரலாலும் மோதிர விரலாலும்தான் திருகவேண்டும். முதல் இரண்டு சுற்றை விரலால் திருகும்போதே மரை சரியாக உட்கார்ந்ததா, சாய்ந்ததா என்று விரல் சொல்லும். எந்த மெக்கானிக்குக்கும் சொல்லும். அவர் விரல் சொல்லவில்லை. மரை சாய்ந்திருந்தது. ஸ்பேனரைப் போட்டு இறுக்கியபோது, இறுகியது மாதிரியே இருந்தது.

அவர் வெளியே வந்தார். கையைத் தஸ்தகீரிடம் நீட்டிக் காட்டினார்.

"நீ போடு மச்சான். என் கையி பொய் சொல்லுது."

தஸ்தகீரின் கண் கலங்கியது. அது கேஸ் இல்லை. பெட்டிக்கு அடியில் படுத்தார். வால்வை மூடி, நட்டைக் கழற்றி, குழாயின் வாயைச் சரிசெய்து, வேறு நட்டுப் போட்டு இறுக்கினார். பிறகு மொபெட்டில் கடைக்குப் பறந்து, சிலிண்டரோடு வந்தார். குழாயில் இருந்த காற்றைக் கொஞ்சம் கேஸ் விட்டுத் துரத்தினார்கள். மெல்ல மெல்லப் புது கேஸை ஏற்றினார்கள். முள் பதினொன்றைத் தொட்டிருந்தது. அங்கேயே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு பத்து. இருட்டும்போது ஏழு. விடியும்போது நான்கு.

தரையில் விசிறி ஓடிக்கொண்டே இருந்ததால் விளக்கை மட்டும் மறுபடி ஏற்றவில்லை. வேம்புலியம்மாளும் ஏற்றச் சொல்லவில்லை.

வியாழன் காலை எட்டே முக்காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. இறங்கி ஓடிவந்த நாகவல்லி, வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் அம்மா இரண்டு கையையும் வைத்து மறித்த வாசல். இப்போது மறிக்க யாரும் இல்லை. ஆனாலும் அவளுக்குக் கால் வரவில்லை.

வேம்புலியம்மாள்தான் எழுந்து போனாள். அவள் கையைப் பிடித்தாள். "வாடி, உள்ள. ஒங்கம்மா ரெண்டு நாளா உனுக்காகத்தான் குளுருல படுத்துகினு கீறா."

நாகவல்லி கண்ணாடிமேல் விழுந்தாள். கஜபதி மூடியைத் திறந்துவிட்டார். அவள் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, சுட்டதுபோல் கையை எடுத்தாள். "நைனா, ஜில்லுனு கீதே நைனா!" மறுபடி இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பொத்திக்கொண்டாள், சூடேற்றிவிடலாம் என்பதுபோல.

"எம்மேல கோவமாவே பூட்டாளா? எதுனா சொன்னாளா நைனா?"

கஜபதி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஜபல்பூர்லேருந்து வர்றதுக்கு எத்தினி நாளு ஆவும்னு கேட்டா."

நாகவல்லி அவரைப் பார்த்தாள். அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதுபோல் உதடு அசைந்தது. பிறகு அப்பாவின் இடது கையைப் பிடித்து முகத்தைப் புதைத்துக்கொண்டு, வீடு அதிர அழுதாள். கஜபதி தன் விரல்களைப் பார்த்தார். மூன்றும் நனைந்திருந்தன. பார்த்ததால் தெரிந்தது.

"ஒங் கண்ணும் செவந்து கீது நைனா" என்றாள் அவள், வெகுநேரம் கழித்து.

வேம்புலியம்மாள் அவரைப் பார்த்தாள். தஸ்தகீர் பார்த்தார்.

"ம்" என்றார் கஜபதி.

எடுக்கும் நேரம் வந்தது. வேம்புலியம்மாள் விசிறியை நிறுத்தி, விளக்கில் எண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியை நாகவல்லியின் கையில் கொடுத்தாள். "நீயே ஏத்தும்மா." செம்புக் கம்பி இன்னும் விளிம்பிலேயே கிடந்தது. சுடர் பற்றியது. எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். கஜபதி சுடரைப் பார்த்தார்.

மஞ்சள்.

"லீக்கு இல்ல மச்சான்" என்றார் தஸ்தகீர், மெதுவாக. "ஸ்விட்ச நிறுத்திடு. தூக்கணும்."

கஜபதி ஸ்விட்சில் இடது கையின் நடுவிரலை வைத்தார். விரல் அதன்மேல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இருந்தது. ஆனால் அமுக்க முடியவில்லை. நாலு ஆட்கள் காத்து நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தஸ்தகீர் தன் கையை அவர் கைமேல் வைத்து அமுக்கினார்.

இரண்டு நாளாக வீட்டை நிறைத்திருந்த அந்தச் சத்தம் நின்றது.